தாய்மாமன் படம் போட்ட பாஸ்கெட்பால் ஃப்ளெக்ஸ்

ஃப்ளெக்ஸில் யார் படம் மேலே, யார் படம் கீழே என்ற சண்டையில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன வீடு உங்கள் பக்கம் எத்தனை இருக்கிறது? எங்கள் கடையில் வந்து உட்கார்ந்து பாருங்கள், வாரத்துக்கு ஒன்றாவது கண்ணில் படும். ஃப்ளெக்ஸ் கடை நடத்துவது மிஷினோடு பண்ணுகிற வேலை என்று நினைத்துத்தான் நானும் இதில் இறங்கினேன். இல்லை, இது சொந்தபந்தத்தோடு பண்ணுகிற வேலை. பந்தல் போடுகிறவர்கள், சமையலுக்குப் போகிறவர்கள், விசேஷ வீட்டில் போட்டோ எடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் "ஆமா தாயி" என்று தலையை ஆட்டுவீர்கள். நம் எல்லார் தலையெழுத்தும் ஒன்றுதானே: விசேஷம் அடுத்த வீட்டில், வசவு நமக்கு.

பழனிசெட்டிபட்டியில் மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் கடை. மயிலாடும்பாறைப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வரை படித்தேன், பிறகு தேனியில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ், அதோடு சரி. டிசைன் போடுவது நான். மிஷின் ஓட்டுவதும் ஃப்ரேம் அடித்துக் கட்டுவதும் எங்கள் வீட்டுக்காரர். மூன்று வயது மகள் மகிழுக்கும் பங்கு உண்டு: என் மடியில் உட்கார்ந்துகொண்டு மவுஸைப் பிடுங்குவாள். காதுகுத்து, வயசுக்கு வந்த சடங்கு, கெடாவெட்டு, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று ஓடிக்கொண்டிருந்த எங்களுக்கு, இந்த வருஷம் காலேஜ் திறக்கிற சமயத்தில் புதுசாக ஒரு ஆர்டர் வந்தது. அதில் மாட்டிக்கொண்டு முழித்த கதைதான் இது.

ரெட்டைப் பிள்ளைக வாராக

மாரிச்சாமி அண்ணன் அல்லிநகரத்தில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். சாயங்காலமானால் கடை ஷட்டர் பாதி இறங்கிவிடும். ஆள் எங்கள் கடைக்கு எதிரே கொஞ்சம் தள்ளி இருக்கிற பெண்கள் காலேஜ் பாஸ்கெட்பால் கோர்ட்டின் கேலரியில் இருப்பார். அவரை மாதிரி ஒரு கூட்டமே அங்கே உண்டு. அந்தக் காலேஜில் மகளும் படிக்கவில்லை, தங்கையும் படிக்கவில்லை, ஆனால் அந்த டீம் தோற்றால் அன்றைக்கு ராத்திரி அவர்கள் வீட்டில் யாரும் சோறு கேட்க முடியாது. அந்த மாரிச்சாமி அண்ணன் ஒரு நாள் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் கடைக்குள் ஓடிவந்து, "ஆத்தா, எந்த வேலையா இருந்தாலும் தூக்கி அங்கிட்டு வையி, ரெட்டைப் பிள்ளைக வாராக!" என்றார். "யாருக்குண்ணே, சுகப்பிரசவமா?" என்று கேட்டுவிட்டேன். முறைத்தார் பாருங்கள்.

பிறகு மூச்சு வாங்கிச் சொன்னார். கம்பத்துப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டு இரட்டைப் பெண்கள், காவ்யாவும் ஓவியாவும். இரட்டை என்றுதான் பேர். ஒருத்தி குட்டை, ஒருத்தி நெட்டை. பள்ளிக்கூட ஆட்டத்திலேயே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பேர் வாங்கியவர்கள். அவர்கள் அம்மா ராஜேஸ்வரி ஒரு காலத்தில் இதே காலேஜ் டீமுக்குக் கேப்டன். ராஜேஸ்வரியின் கூடப்பிறந்த தம்பி செல்லப்பாண்டி சார் இப்போது டீமுக்குக் கோச். "அம்மா ஆடுன கோர்ட்டு, தாய்மாமன் நிக்கிற கோர்ட்டு. அங்கன வராம பிள்ளைக வேற எங்கன போவாக?" என்றார் அண்ணன். காவ்யா சேர்ந்துவிட்டாளாம். நெட்டைப் பிள்ளை ஓவியாதான் இன்னும் சேரவில்லை. சென்னையில் பெரிய காலேஜ் ஒன்று, தங்க இடம், சாப்பாடு எல்லாம் கொடுத்துக் கூப்பிடுகிறதாம். திங்கட்கிழமைக்குள் அங்கே பதில் சொல்லவேண்டுமாம்.

"அப்ப அந்தப் பிள்ளை சேந்தப்புறம் அடிப்போமேண்ணே?" என்று கேட்டேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: "கோலம் போட்டாத்தான்த்தா லட்சுமி வரும். லட்சுமி வந்தப்புறம் கோலம் போடுறவ எவ?"

தாய்மாமன் இல்லாத ஃப்ளெக்ஸா?

அன்றைக்குச் சாயங்காலமே கேலரிக் கூட்டம் மொத்தமும் எங்கள் கடையில். போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜெபமணி முதலாளியும் வந்திருந்தார். இளவட்டத்தில் பாஸ்கெட்பால் ஆடியவர், அதனால் கூட்டத்தில் அவர் பேச்சுக்கு மரியாதை. "ரெண்டு பிள்ளைக படம், ஒரு பந்து, வருகன்னு ஒரு வார்த்தை. போதும்" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. இப்படி ஒரு கஸ்டமர் எங்களுக்கு வாய்த்ததே இல்லை.

மாரிச்சாமி அண்ணன் என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். அதில் ஒரு காதுகுத்து டிசைன் பாதியில் கிடந்தது. நடுவில் பிள்ளை, தலைக்கு மேலே கைகூப்பியபடி தாய்மாமன், கீழே சீர்த்தட்டுகள், தட்டில் தேங்காய் பழம். "இந்தா, இது மாதிரி போடு தாயி. தாய்மாமன் இல்லாத ஃப்ளெக்ஸை நம்ம ஊர்ல எவன் நின்னு பாப்பான்?" கூட்டம் மொத்தமும் ஆமாம் போட்டது. மாமன் மடியில் உட்கார்த்தித்தான் எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காதே குத்துவார்கள். அந்த நியாயம் எனக்கும் அப்போது நியாயமாகத்தான் பட்டது. செல்லப்பாண்டி சார் அப்போது கோயம்புத்தூரில் ஏதோ கேம்ப்பில் இருந்தார். ஆண்டு விழாவில் அவர் கோட்டு போட்டு எடுத்த படம் வந்தது. அதை உச்சியில் வைத்தேன். "மாமன் கோட்டைக்கு வரும் மருமக்களே, வருக வருக" என்று வாசகம். உடனே கேலரியில் ஒருவர், "அப்ப நாங்கள்லாம் மாமன் இல்லையா?" என்றார். அதோடு தொலைந்தது. ஆளுக்கு ஒரு படம் போனில் வந்து விழுந்தது. "அன்புத் தாய்மாமன்கள்" என்று கீழே வரிசை வரிசையாக ஒட்டினேன். ரெண்டு படம் போதும் என்ற ஜெபமணி முதலாளியும் கடைசியில் மீசை கருப்பாக இருந்த காலத்துப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, எதுவும் தெரியாத மாதிரி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் கைதட்டி, டீ குடித்து, கிளம்பிப் போனார்கள். பிரிண்ட் வெளியே வந்ததும் எங்கள் வீட்டுக்காரர் தரையில் விரித்துப் போட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா கவிதா, எல்லாரும் இருக்காக, பந்து எங்க?"

எப்ப சடங்கு?

பந்து சேர்த்து மறுபடி அடித்தோம். சீர்த்தட்டில் ஒரு தேங்காயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தேன்; அளவு சரியாகப் பொருந்தியது. காலேஜ் கேட்டுக்கு எதிரே ஃப்ளெக்ஸைக் கட்டும்போது வெடி போட்டார்கள். தப்பு மேளம் அடித்தார்கள். மகிழ் ஃப்ரேமைப் பிடித்துக்கொண்டு ஆடினாள், அவளோடு சேர்ந்து மாரிச்சாமி அண்ணனும் ஆடினார். எங்கள் வேலைக்கு இப்படி ஒரு கொண்டாட்டம் கிடைத்ததே இல்லை. நானும் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். அன்றைக்கே அந்தப் படம் சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டிக் கம்பம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் போன். ஃப்ளெக்ஸ் மூலையில் எங்கள் கடை நம்பர் எப்போதும் இருக்கும், அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறாள். "அக்கா, நான் ஓவியா பேசுறேன்." "கண்ணு! ஃப்ளெக்ஸு எப்படி இருக்கு? பிடிச்சிருக்கா?" என்றேன்.

"நல்லா இருக்குக்கா. என்கூடப் படிச்ச பிள்ளைக எல்லாம் போன் பண்ணி, எப்ப சடங்கு, எங்கன மண்டபம்னு கேக்குறாக." குரல் அமைதியாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "எட்டாங்கிளாஸ்ல இருந்து விடியிறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ஓடுறேன்க்கா. முட்டி பேந்து ஒரு மாசம் படுத்துக் கிடந்திருக்கேன். இவுக நான் ஆடுற ஆட்டத்துக்குக் கூப்பிடுறாகளா, எங்க மாமன் மூஞ்சிக்குக் கூப்பிடுறாகளா?" தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் பந்தை வைத்த கை என்னுடையது. அவளே முடித்தாள்: "சென்னையில எனக்கு மாமன் கிடையாதுக்கா. நான் அங்கனயே போறேன்."

கோட்டு போட்டுக் கைகூப்பி நின்றவர்

அன்று மத்தியானம் செல்லப்பாண்டி சார் கேம்ப் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறார். காலேஜ் கேட்டுக்கு எதிரே தன்னைத்தானே பார்த்திருக்கிறார், பனைமர உயரத்துக்கு. பையைத் தோளில் இருந்து இறக்காமல் நேராக எங்கள் கடைக்கு வந்துவிட்டார். கடையில் இருந்த மாரிச்சாமி அண்ணன் ஃப்ளெக்ஸ் ரோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் உடம்புக்கு அது மறைப்பே இல்லை.

"காவ்யாவ எடுத்தப்ப நான் செலக்சன்ல நிக்கல. என் அக்கா மக ஆடுது, நான் இருக்க மாட்டேன்னு காலேஜ்ல சொல்லிட்டு வெளிய போயிட்டேன். ஓவியாவுக்கும் அப்படித்தான் இருந்திருப்பேன். இப்ப சீர் கொண்டாந்த மாதிரி ரோட்டுல கைகூப்பி நிக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை. "நீங்க போய் ஒரு வார்த்தை கேட்டா பிள்ளை வந்துரும் சார்" என்று ரோலுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. "நான் போய்க் கேட்டா மாமன் கேட்டான்னு வரும். வேண்டாம். வராட்டியும் பரவாயில்ல" என்றார் சார். அவர் முகத்தைப் பார்த்தால் பரவாயில்லை என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஏணியை எடுத்துக்கொண்டு ஃப்ளெக்ஸைக் கழற்றப் போனார்.

விஷயம் கேள்விப்பட்டுக் கடைக்கு வந்த ஜெபமணி முதலாளிதான் வழி சொன்னார். சனிக்கிழமை காலேஜில் செலக்சன் ஆட்டம் இருக்கிறது. அதற்கு வந்து ஆடட்டும், பி.டி. மேடம் மட்டும் பார்த்து முடிவு சொல்லட்டும், செல்லப்பாண்டி காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. இதை யார் அவளிடம் சொல்வது? எல்லாரும் என் போனைப் பார்த்தார்கள்; நம்பர் அதில்தானே இருக்கிறது. கூப்பிட்டேன். ஃப்ளெக்ஸைக் கழற்றியாயிற்று, சனிக்கிழமை வா கண்ணு, மாமா உள்ளே இருக்க மாட்டார் என்றேன். "கேலரியில இருக்கவுக?" என்றாள். "அவுக வாயே தெறக்க மாட்டாக" என்று சத்தியம் பண்ணினேன். அந்தப் பக்கம் முதல் தடவையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது: "அவுக வாய மூடிக்கிட்டு இருக்காகன்னா, அதப் பாக்கவாவது வாரேன்க்கா."

சுவருக்கு வெளியே கோச்

சனிக்கிழமை கேலரி நிறைந்திருந்தது, ஆனால் சாவு வீட்டில் கூட அவ்வளவு அமைதி இருக்காது. மாரிச்சாமி அண்ணன் துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்லப்பாண்டி சார் சொன்ன சொல்லைக் காப்பாற்ற, காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் பைக் மேல் உட்கார்ந்திருந்தார். மகிழ் கேலரியில் அமைதியாக இருப்பாளா? அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் வெளியே வந்து, சுவரோரம் ஒரு கல் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். பி.டி. மேடம் செய்த வேலையைப் பாருங்கள்: காவ்யாவை ஒரு பக்கமும் ஓவியாவை எதிர்ப் பக்கமும் பிரித்துவிட்டார்.

"என்னம்மா நடக்குது?" என்றார் சார்.

"நெட்டைப் பிள்ளை பந்தை வாங்கிருச்சு சார்."

"எங்கன நிக்கிறா?"

"கோர்ட்டுலதான் சார்."

"கோர்ட்டுல எங்கனம்மா? ரிங்குக்குக் கீழயா, வெளியவா?"

"அரைவட்டம் ஒண்ணு போட்டிருக்குல்ல, அதுக்கு அங்கிட்டு... யாத்தே! குட்டைப் பிள்ளை வந்து பந்தத் தட்டிப் பறிச்சுட்டு ஓடுது சார்!"

"காவ்யாவா? சபாசு!" என்று பைக்கில் இருந்து எழுந்தவர், உடனே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "யாரு பக்கம் சந்தோசப்படுறதுன்னே தெரியலையேம்மா."

மறுபடியும் காவ்யாதான் பறித்தாள். ஓவியா முகம் சிவந்துபோயிற்று. அப்புறம்தான் ஆட்டம். பந்தை வாங்கினாள், ரெண்டு பெரிய பிள்ளைகள் குறுக்கே வந்து மறித்தார்கள், இப்படித் திரும்புவது போலப் போக்குக் காட்டி அப்படித் திரும்பினாள், எல்லார் கைக்கும் மேலே ஒரு கை போயிற்று. பந்து ரிங்கில் படாமல் வலைக்குள் இறங்கியது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் சார், "போட்டுட்டா. சத்தத்துலயே தெரியுது" என்றார். அதே நேரம் மாரிச்சாமி அண்ணன் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிவந்தார், வாயிலிருந்து துண்டை எடுத்தார், "ஏலேய்ய்ய்!" என்று பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்து கத்தினார், துண்டை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தார். ஆட்டம் முடிகிறவரை அதே மாதிரி ஓடிவந்து ஓடிவந்து கத்திவிட்டுப் போனார்.

ஆட்டம் முடிந்ததும் ஓவியா முகத்தைத் துடைத்துக்கொண்டு பி.டி. மேடம் முன்னால் போய் நின்றாள். "மேடம், நான் தேறுவனா?" என்று கேட்டாளாம். மேடம் சொன்னதைக் கேலரி முழுக்கக் கேட்டிருக்கிறது: "நீ தேறுறது இருக்கட்டும். இந்த காலேஜ் உனக்குத் தேறுமா, அத நீ சொல்லு."

மத்த அக்காமாரு எங்க?

ஓவியா அன்றைக்கு யோசித்துச் சொல்கிறேன் என்று பஸ் ஏறிவிட்டாள். திங்கட்கிழமை காலையில் கடை திறக்கும்போதே மாரிச்சாமி அண்ணன் வாசலில் நின்றார். "போன் வந்துச்சாத்தா?" வரவில்லை. டீ குடித்துவிட்டு வந்து கேட்டார். வரவில்லை. எனக்கும் வேலை ஓடவில்லை. ஒரு கண்ணீர் அஞ்சலிக்குப் பின்னால் பலூன் படத்தை வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உச்சி வெயில் நேரத்தில் கம்பம் பஸ் வந்து நின்றது. ஒரு குட்டைப் பிள்ளை இறங்கியது, பின்னாலேயே தலையைக் குனிந்து ஒரு நெட்டைப் பிள்ளை இறங்கியது. ரெண்டு பேரும் ரோட்டைத் தாண்டி நேராகக் காலேஜுக்குள் போனார்கள். திரும்பி எங்கள் கடைக்கு வந்தபோது நெட்டைப் பிள்ளை கழுத்திலும் காலேஜ் ஐ.டி. கார்டு கயிறு தொங்கியது. நான் போட்ட கூப்பாட்டில் மிஷின் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து எங்கள் வீட்டுக்காரர் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார்.

"சென்னைக்காரவுக நல்லாத்தான்க்கா பேசுனாக" என்றாள் ஓவியா. காவ்யாவைக் கண்ணால் காட்டினாள். "ஆனா சனிக்கிழமை இவ என் கையில இருந்து பந்தப் பிடுங்குனதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. அங்கன போயிட்டா இவள நான் எப்ப ஜெயிக்கிறது?" காவ்யா மகிழுக்கு மிட்டாய் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், ஆனால் வாய் காதுவரை போயிருந்தது. பிறகு ஓவியா என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பழைய டிசைனைத் திறக்கச் சொன்னாள். தட்டில் இருந்த பந்தைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கேட்டாள்: "ஏங்க்கா, ஊருல உள்ள மாமன் பூராம் இருக்காக. இந்த டீமுல ரெண்டு வருசம் மூணு வருசமா ஆடுற ஒரு அக்கா படம்கூட இல்லையே?"

உண்மைதானே? கப் வாங்கிக் கொடுத்த பிள்ளைகள் எல்லாம் அந்த ஃப்ளெக்ஸைக் கடந்துதான் பிராக்டிஸுக்குப் போயிருக்கிறார்கள். புது டிசைன் போட்டோம். நடுவில் பந்து. சுற்றிலும் டீம் பிள்ளைகள் எல்லாரும், எல்லார் முகமும் ஒரே அளவு, மேலே என்றும் இல்லை, கீழே என்றும் இல்லை. காவ்யாவும் ஓவியாவும் ஓரத்தில், கடைசியாக வந்தவர்கள் கடைசியில்தான் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். மாரிச்சாமி அண்ணன் தொண்டையைக் கனைத்து, "அப்ப நாங்க? ஒரு மூலையில, ஸ்டாம்பு சைசுல?" என்றார். ஓவியா திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, நீங்க ஃப்ளெக்ஸுல இருந்தா கேலரியில யாருண்ணே கத்துறது?"

முதல் ஆட்டம்

மதுரைப் பக்கத்து டீம் ஒன்று வந்தது முதல் ஆட்டத்துக்கு. கடையைப் பூட்டிவிட்டு மகிழைத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்குப் பக்கத்தில் பிள்ளைகளோட அம்மா ராஜேஸ்வரி அக்கா. பழைய கேப்டன் அல்லவா, ஒரு இடத்தில் உட்காரவே இல்லை. "பாஸ் குடு! ஏ காவ்யா, பாஸ் குடுடி!" என்று அவர் எழுந்து எழுந்து உட்கார, மகிழும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். செல்லப்பாண்டி சார் மற்றப் பிள்ளைகளை ஒரு தடவை திட்டினால் இந்த ரெண்டு பேரையும் நாலு தடவை திட்டினார். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கோர்ட்டுக்குள் கால் வைத்ததில் இருந்து சார்தான், மாமா என்ற பேச்சே கிடையாது. "சரி சார். தண்ணி குடிச்சுக்கிறேன் சார்." கேட்கவே வேடிக்கையாக இருந்தது.

ஆட்டம் கடைசிவரை இழுபறி. ஓவியா ஃபவுலுக்கு மேல் ஃபவுலாக வாங்கினாள். இன்னொன்று வாங்கினால் மொத்தமாக வெளியேதான். சார் அவளை வெளியே எடுத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். கோர்ட்டில் காவ்யா பந்தை வைத்துக்கொண்டு, கொடுக்க ஆள் இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். மதுரைப் பிள்ளைகள் ரெண்டு பாயிண்ட் முன்னால் போனார்கள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "சார், இறக்குங்க சார்" என்றாள் ஓவியா. சார் திரும்பவில்லை. "சார், ஃபவுல் வாங்க மாட்டேன் சார்." திரும்பவில்லை. மதுரைப் பிள்ளை ஒருத்தி ஃப்ரீ த்ரோ போட நின்றாள். கேலரியில் அடித்துக்கொண்டிருந்த தப்பு மேளமும் நின்றது, கத்தலும் நின்றது. அவ்வளவு அமைதியில், கோர்ட்டு முழுக்கக் கேட்கிற மாதிரி பெஞ்சில் இருந்து ஒரு அழுகுரல்: "மாமா! மாமா, ஒரே ஒரு நிமிசம் என்னைய இறக்கி விடுங்க மாமா!"

ஃப்ரீ த்ரோ போட்ட பிள்ளையே சிரித்துவிட்டது, பந்து ரிங்கில் இடித்து வெளியே போயிற்று. கேலரி இடிந்து விழாத குறை. செல்லப்பாண்டி சார் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினார், ஓவியா பாய்ந்தாள். காவ்யா ரெண்டு பேருக்கு நடுவே குனிந்து பாஸ் கொடுத்தாள், ஓவியா போட்டாள். மறுபடி கொடுத்தாள், மறுபடி போட்டாள், விசில் ஊதியது, ஜெயித்துவிட்டோம்! ஜெபமணி முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். "அவ கூப்புடுறதுக்கு முன்னாடியே ஆள் மாத்தணும்னு ஸ்கோர் டேபிள்ல சொல்லிட்டேன், வேணும்னா கேட்டுப் பாருங்க" என்று செல்லப்பாண்டி சார் ஆளாளுக்குச் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார். மாரிச்சாமி அண்ணன் தொண்டை கட்டிய குரலில் சொன்னார்: "மருமக கூப்பிட்டு மனசு எளகுனத எந்த மாமன்தான்யா ஒத்துக்கிட்டிருக்கான்?"

மாமன் முகமே வேண்டாம் என்று ஃப்ளெக்ஸைக் கழற்ற வைத்த பிள்ளை ஆட்டத்தில் இறங்க மாமனைத்தான் கூப்பிட்டது என்று நான் விழுந்து விழுந்து சிரித்ததும், ராஜேஸ்வரி அக்கா என் கை ரெண்டையும் பிடித்துக்கொண்டு கேட்டது இவ்வளவுதான்: "ஆத்தா, உனக்குக் கோடிப் புண்ணியம், இத மட்டும் ஃப்ளெக்ஸ் அடிச்சுறாத!"